பெயரேட்டில் எங்கள் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்: தோகே ஊர் விடுதி வீட்டாருக்கு ஒரு திறந்த மடல்

வடகிழக்கு ஜப்பானின் ஹகுரோ மலையடிவாரத்தில், தோகே ஊரில், தலைமுறை தலைமுறையாக ஷுக்குபோ என்னும் யாத்ரீகர் வீடுகளை நடத்திவரும் குடும்பத்தார் அனைவருக்கும் வணக்கம்.

இந்த மடலை முதலில் தமிழில் எழுதுகிறேன். ஜப்பானிய மொழியில் எனக்கு அலுவலகக் கடிதம் எழுத வரும். மனத்தில் இருப்பதை எழுத வராது. நண்பர் ஒருவர் மொழிபெயர்த்து உங்களிடம் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். தமிழ் படிக்கிறவர்களுக்கும் உங்கள் ஊரைப் பற்றித் தெரிய வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது. ஆகவே உங்களுக்கு நன்றாகத் தெரிந்ததையே சில இடங்களில் உங்களிடமே சொல்லிக்கொண்டிருப்பேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் முதல்முறை உங்கள் ஊருக்கு வந்தது ஒரு பெரியவரோடு. டோக்கியோவை அடுத்த சிபா மாநிலத்தில் நான் குடியிருந்த தெருவில் அவர் வீடு. அவர் கிராமத்தில் 'எட்டாம் நாள் குழு' என்று ஒன்று உண்டு. மூன்று மலைகளுக்கும் போய் வந்தவர்கள் கூடி வழிபடும் குழு அது. ஹகுரோ, கஸ்ஸான், யுதோனோ என்று மூன்று பெயர்களையும் பொறித்த கற்கள் சிபாவின் கிராமங்களில் மேடுகளின் மேல் இன்றும் நிற்கின்றன. வயல் வரப்பில் நடக்கும்போது அந்தக் கற்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன், என்னவென்று கேட்டதில்லை. என் அப்பா இறந்து ஓராண்டு ஆகாத சமயத்தில் பெரியவர்தான் கேட்டார்: "மலைக்கு வருகிறாயா? இறந்தவர்கள் போய்ச் சேரும் மலை அது. குழுவில் ஆள் குறைந்துவிட்டது, பை தூக்கவும் ஒருவர் வேண்டும்."

டோக்கியோவிலிருந்து நீகாதா வரை ஷின்கான்சென், அங்கிருந்து கடலை ஒட்டியே போகும் இனாஹோ ரயில், ட்சுருஓகாவில் இறங்கிப் பேருந்து. வழிநெடுக பெரியவர் அதிகம் பேசவில்லை. தோகேயில் இறங்கியதும் நடை மாறிவிட்டது அவருக்கு. ஒவ்வொரு வீட்டு இறவாரத்திலும் தடித்த கயிற்று முடிச்சு தொங்குவதைக் காட்டினார். டிசம்பர் 31 இரவு நடக்கும் ஷோரேய்ஸாய் திருவிழாவில் கிடைத்த கயிறு அது, வீட்டுக்குக் காவல் என்றார். நாங்கள் தங்கவிருந்த வீட்டின் வாசலில் அந்த வீட்டு அம்மா நின்றிருந்தார். "வந்துவிட்டீர்களா" என்று மட்டும் கேட்டார். ஊருக்குப் போன மகன் பேருந்தில் இறங்கி வந்தால் கேட்கிற மாதிரி.

அன்று மாலை நடந்ததைச் சொல்லத்தான் இந்த மடலே. தேநீர் குடித்து முடித்ததும் அம்மா ஒரு பழைய ஏட்டை எடுத்து வந்தார். ஓரமெல்லாம் கறுத்திருந்தது. பெரியவருடைய கிராமத்தின் பெயர் போட்ட பக்கத்தைத் திறந்து, தூரிகையால் எழுதிய ஒரு பெயரில் விரல் வைத்தார். பெரியவரின் தாத்தா. இன்னும் சில பக்கம் தள்ளி அவருடைய அப்பா. பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு அம்மா என் பக்கம் திரும்பி, "உங்கள் பெயர்?" என்றார். நான் சொன்னதை இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு, அயல் பெயர்களை எழுதும் கதகானா எழுத்தில், அந்தக் கிராமத்துப் பெயர்களுக்குக் கீழே எழுதினார். சிபாவில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு தமிழனை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று அவர் யோசிக்கவே இல்லை. யாரோடு வந்தானோ அந்தப் பக்கம்.

தமிழ் வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஷுக்குபோ என்பது யாத்ரீகர் தங்கும் வீடு. நடத்துகிறவர் முதலாளி அல்லர். மலைத்துறவு நெறியில் பயின்ற யமபுஷியாகவோ பூசாரியாகவோ இருப்பார். வீட்டுக்குள்ளேயே மூன்று மலைத் தெய்வங்களுக்கும் சன்னிதி இருக்கும். மலைக்கு அழைத்துப் போகும் மூத்தவரை சென்தாட்சு என்பார்கள். சபரிமலைக்குப் போனவர்களுக்கு, குருசாமி என்றால் புரிந்துவிடும். எதோ என்னும் ஷோகன் ஆட்சிக் காலத்தில் (1603–1868) தோகேயில் 300-க்கும் மேற்பட்ட ஷுக்குபோக்கள் இருந்தன. இன்று சுமார் 30. ஒவ்வொரு வீட்டுக்கும் இன்னின்ன நாட்டின் இன்னின்ன ஊர்கள் என்று பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தன. அந்த எல்லைக்கு 'கஸுமி' என்று பெயர்; மூடுபனி என்று பொருள். மலையிலிருந்து பார்த்தால் பனி எதுவரை படர்ந்திருக்கிறதோ அதுவரை நம் மக்கள் என்று நினைத்தார்களோ என்னவோ, எனக்கு அப்படி நினைத்துக்கொள்ளப் பிடித்திருக்கிறது. குளிர்காலத்தில் வீட்டுக்காரர் பனியில் இறங்கி அந்த ஊர்களுக்கு நடப்பார். வீடு வீடாகக் காப்புச்சீட்டு கொடுப்பார், யார் பிறந்தார் யார் போனார் என்று கேட்டுக்கொள்வார். கோடையில் அந்த ஊர்க்காரர்கள் வெள்ளை உடுத்தி அவர் வீட்டுக்கு வருவார்கள். இன்றும் சில வீட்டார் அந்தக் குளிர்காலப் பயணத்தை விடவில்லை.

விடுதி என்று தமிழில் எழுதும்போதே எனக்குக் கூசுகிறது. விடுதியில் அறைச்சாவியைக் கொடுத்துவிட்டால் உறவு முடிந்தது. உங்கள் வீடுகளில் வழிபாடு வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. மலை ஏறுவது அதன் ஒரு பகுதி.

இதை வரலாறே காட்டுகிறது என்று நினைக்கிறேன். 1868-இல் புதிய அரசு ஜப்பானின் சொந்தத் தெய்வ நெறியான ஷிந்தோவையும் பௌத்தத்தையும் பிரிக்க ஆணையிட்டது. 1872-இல் ஷுகெந்தோ என்னும் யமபுஷிகளின் மலைத்துறவு நெறியையே தடைசெய்தது. அதுவரை ஹகுரோ மலையில் கண்ணோன், கஸ்ஸானில் அமிதா, யுதோனோவில் தைநிச்சி என்று பௌத்த வடிவங்களோடு சேர்ந்து, தெய்வமும் புத்தரும் ஒன்றாய் இருந்தார்கள். ஆணைக்குப் பிறகு மலை ஷிந்தோக் கோயில் ஆயிற்று. மலைமேல் முப்பதுக்கும் அதிகமாக இருந்த மடங்களில், 1697-இல் கட்டிய கெஸோயின் மட்டும் நின்றது. அதுதான் இன்று கோயிலாரே நடத்தும் ஸாய்கான் தங்குமிடம். இவ்வளவு நடந்த பிறகும் சிபாவிலிருந்தும் வடகிழக்கு ஊர்களிலிருந்தும் மக்கள் வருவதை நிறுத்தவில்லை. ஏன்? கோயிலின் பெயர் மாறினாலும் அவர்கள் வந்து இறங்கும் வீடு மாறவில்லை. நான் தங்கிய வீட்டில் காலை வழிபாட்டின்போது, "எல்லாப் பாவமும் தீட்டும் கழுவப்பட்டுத் தூய்மையாகட்டும்" என்ற மலை வேண்டுதலுக்குப் பிறகு, அதே மூச்சில் பிரஞ்ஞாபாரமிதா இருதய சூத்திரத்தையும் ஓதினார்கள். ஷிந்தோ வீட்டில் பௌத்த சூத்திரமா என்று பெரியவரிடம் மெல்லக் கேட்டேன். "என் தாத்தாவும் இங்கே இதைத்தான் கேட்டார்" என்றார். அரசு ஒரே ஆணையில் பிரித்ததை உங்கள் பாட்டன் பாட்டிகள் சோற்றுப் பாத்திரத்துக்கும் சன்னிதிக்கும் நடுவே சத்தமில்லாமல் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

சோறு என்றதும் நினைவு வருகிறது. நான் சைவச் சாப்பாட்டில் வளர்ந்தவன். ஜப்பானில் காய்கறிக் குழம்பு என்று நம்பி வாயில் வைத்தால் மீன் சாறு இறங்கியிருக்கும்; எத்தனையோ முறை ஏமாந்திருக்கிறேன். உங்கள் ஊர் நோன்புச் சாப்பாட்டில், முன்கூட்டியே கேட்டு உறுதிசெய்துகொண்டு, கூச்சமில்லாமல் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். கெட்டியான பாகு ஊற்றிய எள் தோஃபு, கஸ்ஸான் மலை மூங்கில் குருத்து, வராபி, ஸென்மாய் என்னும் காட்டுப் பெரணித் தண்டுகள், காளான். அந்த அம்மாவிடம் எள் தோஃபு எப்படி என்று கேட்டேன். எள்ளை அரைத்து, குட்ஸு என்னும் கிழங்கு மாவு கரைத்து, அடுப்பில் வைத்துக் கை ஓயாமல் கிளற வேண்டும், நிறுத்தினால் கட்டி தட்டிவிடும் என்றார். குருத்தையும் பெரணியையும் வசந்தத்தில் மலைக்குப் போய்ப் பறித்து, வேகவைத்து, உலர்த்தி, உப்பில் போட்டு வைத்தால்தான் மற்ற மாதங்களில் இலைக்கு வரும். அந்த வேலை முழுக்கப் பெண்களுடையது என்று பார்த்தாலே தெரிந்தது. யமபுஷியின் சங்கைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். அந்த அடுக்களையைப் பற்றியும் யாராவது எழுத வேண்டும். மூங்கில் குருத்து எந்தச் சரிவில் எந்த வாரம் முளைக்கும் என்று அறிந்த கண்கள் போய்விட்டால், அதன் பிறகு எத்தனை அறை கட்டினாலும் பயனில்லை.

மறுநாள் 2446 படிகள். ஸுய்ஷின்மோன் வாயிலைக் கடந்து முதலில் கீழே இறங்கினோம். ஆற்றுப்பாலம் தாண்டி, ஐந்தடுக்குக் கோபுரம் மரங்களுக்குள் சாம்பல் நிறத்தில் நின்றது. அதன் பிறகு ஏற்றம். இந்தக் கற்படிகளை 1648-இல் தொடங்கி 13 ஆண்டுகள் உழைத்துப் போட்டவர் தென்யூ என்ற தலைமைத் துறவி என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். படிகளில் குடுவை, மதுக்கிண்ணம் என்று 33 உருவங்கள் செதுக்கியிருக்கின்றன, எல்லாவற்றையும் கண்டுபிடித்தால் நினைத்தது நடக்கும் என்பார்கள். பெரியவர் ஏழெட்டுக்கு மேல் தேடவில்லை. "எனக்கு வேண்டியது நடந்து முடிந்துவிட்டது" என்றார். இரண்டாம் ஏற்றத்துத் தேநீர்க் கடையில் மோச்சி என்னும் அரிசிப் பண்டம் வாங்கித் தந்தார். உச்சியில் மூன்று தெய்வங்களுக்கும் ஒரே கூரை. இரண்டு மீட்டருக்கும் மேல் கனமான புல் வேய்ந்த கூரை. கஸ்ஸானும் யுதோனோவும் பனியில் மூடிக்கிடக்கும் மாதங்களில் அந்தத் தெய்வங்களையும் இங்கேயே வணங்கலாம். பக்கத்தில் இறந்தோர் ஆன்மாவுக்கான மண்டபம். அங்கே அப்பாவின் பெயரைச் சொன்னேன். பூசாரிக்கு உச்சரிப்பு வரவில்லை. மீண்டும் சொல்லச் சொல்லி, சரியாக வரும்வரை விடவில்லை அவர்.

கஸ்ஸான் 1984 மீட்டர். பெரியவருக்கு முட்டி ஒத்துழைக்கவில்லை. வீட்டுக்காரரோடு நான் மட்டும் ஏறினேன். ஜூலை கடைசியிலும் சரிவில் பனித்திட்டு. யுதோனோவில் வெறுங்காலோடு நின்றதைப் பற்றி எழுத மாட்டேன். அங்கே கண்டதைப் பேசாதே, பிறர் சொல்லக் கேட்காதே என்பது மரபு. அதை மீறி எழுதிப் பெயர் வாங்குவதைவிட எழுதாமல் இருப்பதே அந்த வீட்டுக்கு நான் செலுத்தும் வாடகை.

பெரியவர் அடுத்த ஆண்டு போய்விட்டார். மலைக்கு உடுத்திய வெள்ளை உடையைத் தனியே மடித்து வைத்திருந்தார். அதைத்தான் அவருக்கு உடுத்தி அனுப்பினார்கள். நான் தோகேக்குத் தொலைபேசியில் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நாளைக் காலை வழிபாட்டில் சொல்லிவிடுகிறோம்" என்றார். அறுபது ஆண்டில் எத்தனையோ கோடைகள் அவரை அந்த வீடு ஏற்றுக்கொண்டது, அனுப்பி வைத்தது. கடைசி முறையும் அனுப்பி வைத்தது.

அதற்குப் பிறகு அந்த வீடு யாத்ரீகர்களை ஏற்பதை நிறுத்திவிட்டது. வயது, கூரைச் செலவு, அடுத்து எடுத்து நடத்த ஆள் இல்லாமை. எனக்குக் குறை சொல்ல உரிமையில்லை. ஆனால் அந்த ஏடு என்ன ஆயிற்று என்ற கேள்வி இரவில் வந்து எழுப்புகிறது. அதில் என் பெயர் இருக்கிறது என்பதற்காக மட்டும் இல்லை.

இன்னொரு முறை தனியாக வந்தேன், இணையத்தில் பதிவு செய்து, வேறோர் இடத்தில். அறை அழகு, படுக்கை சுகம், குறை ஒன்றுமில்லை. மேசைமேல் ஆங்கிலத்தில் ஒரு அட்டை: காலை வழிபாடு விருப்பம் உள்ளவர்களுக்கு. களைப்பில் தூங்கிப்போனேன். எழுந்தபோது சங்கொலி முடிந்திருந்தது. யாரும் எழுப்பவில்லை, யாரும் கேட்கவில்லை. என்னைத் தொந்தரவு செய்யக்கூடாது என்ற நல்லெண்ணம்தான். அந்த நல்லெண்ணம் என்னை வாசலுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டது.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். உங்கள் மலைகளின் 'மறுபிறப்புப் பயணம்' 2016-இல் ஜப்பானின் பாரம்பரியச் சொத்தாக அறிவிக்கப்பட்டது. பன்னிரண்டு விலங்குகளின் ஆண்டுச் சுழற்சியில் 2026 குதிரை ஆண்டு, ஹகுரோவுக்கு உரிய ஆண்டு. ஒருமுறை வந்தால் பன்னிரண்டு முறை வந்த பலன் என்பார்கள். இப்படிப்பட்ட சமயங்களில் வெளியிலிருந்து ஆலோசனை சொல்பவர்கள் எந்த ஊருக்கும் வருவார்கள். தாழ்ப்பாள் உள்ள தனியறை, கட்டில், தாமதமான காலையுணவு, இருந்தால் இறைச்சியும் என்பார்கள். வெளிநாட்டவர் அதைத்தான் விரும்புகிறார்கள் என்பார்கள். நானும் வெளிநாட்டவன்தான். என் பெயரைச் சொல்லி அதைச் செய்யாதீர்கள். காகிதக் கதவுக்கு அந்தப் பக்கம் பெரியவர் குறட்டை விட்டதும், விடியுமுன் அம்மா வந்து "நேரமாயிற்று" என்று குரல் கொடுத்ததும், வெள்ளை உடையை எப்படிக் கட்டுவது என்று வீட்டுக்காரர் என்னைத் திருப்பித் திருப்பி நிறுத்திக் கட்டிவிட்டதும் இல்லாமல் நான் மலையேறி இருந்தால், நல்ல உடற்பயிற்சி என்று சொல்லிக்கொண்டு வீடு திரும்பியிருப்பேன்.

உங்கள் கஸுமி ஊர்களில் குழுக்கள் கரைந்துகொண்டிருப்பதை நான் சிபாவில் கண்ணால் பார்க்கிறேன். இளைஞர்கள் நகரத்துக்குப் போய்விட்டார்கள், மேட்டுக் கற்களைச் சுற்றிப் புல் வெட்டவும் ஆளில்லை. அந்த இடத்துக்கு நாங்கள் வருகிறோம்: தனித்தனியாக, குழு இல்லாமல், ஊர் இல்லாமல், சில நேரம் மொழியும் இல்லாமல். எங்களை விருந்தினர் பதிவில் எழுதாதீர்கள். ஏட்டில் எழுதுங்கள். எந்த ஊர்ப் பக்கம் என்று தெரியாவிட்டால் புதிதாய் ஒரு பக்கம் திறவுங்கள். குளிர்காலத்தில் நீங்கள் எங்கள் வாசலுக்கு நடந்து வர முடியாது. ஒரு காப்புச்சீட்டைத் தபாலில் அனுப்பலாம். அதற்கு உரிய காணிக்கையை நாங்கள் அனுப்புவோம். அறை வாடகையைப் போல ஓர் இரவோடு அது முடிந்துவிடாது. மழையில் ஒழுகும் கூரைக்கு, வராத கோடைக்கு, அது உதவும். கடமைகளையும் சொல்லுங்கள். விடியலில் எழ வேண்டும், வழிபாட்டில் உட்கார வேண்டும், தட்டில் வைத்ததை மிச்சம் வைக்கக்கூடாது என்று பதிவு செய்யும் முன்பே எழுதுங்கள். யமபுஷிப் பயிற்சியில் எதற்கும் "உகேதமோ", ஏற்றுக்கொள்கிறேன், என்று மட்டுமே பதில் சொல்ல வேண்டும் என்கிறீர்களே. எங்களிடமும் அந்தச் சொல்லைக் கேளுங்கள். பத்துப் பேரில் மூன்று பேர் வேண்டாம் என்று போகட்டும். ஏழு பேர் திரும்பி வருவார்கள்.

ஒரு வீடு மூடும்போது, அதன் ஏட்டையும் சன்னிதியையும் தோகேக்குள்ளேயே இன்னொரு வீடு ஏற்றுக்கொள்ளும்படி உங்களுக்குள் ஒரு வழக்கத்தை உறுதியாக்கிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே அப்படிச் செய்கிற வீடுகள் இருக்கலாம். அப்படியானால், எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும்படி அதைச் சொல்லி வையுங்கள்.

தோகே அடங்கிய ட்சுருஓகா நகராட்சியாருக்கும் ஒரு வார்த்தை. எத்தனை பேர் தங்கினார்கள் என்ற கணக்கோடு எத்தனை பேர் மறுமுறை அதே வீட்டுக்கு வந்தார்கள் என்பதையும் எண்ணுங்கள். கூரை வேய உதவித்தொகை கொடுத்தால், காலை வழிபாடும் நோன்புச் சமையலும் தொடரும் வீட்டுக்கு முதலில் கொடுங்கள். அந்தச் சமையலைக் கற்றுக்கொள்ள ஒரு பெண்ணோ பையனோ முன்வந்தால், அவர்களுக்கு இரண்டு வசந்தம் முழுக்கச் சம்பளம் கொடுங்கள். ஒரு வசந்தத்தில் மலைச்சரிவைக் கற்க முடியாது.

கஸ்ஸான் பாதை ஜூலை 1-ஆம் தேதி திறந்ததும் நான் வருகிறேன். பெரியவரின் மகனும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். இதுவரை மலைக்கு வராதவர், அப்பாவின் சடங்கில் அந்த வெள்ளை உடையைப் பார்த்த பிறகு கேட்டார். எந்த வீட்டில் இறங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அவர்கள் கிராமத்துப் பக்கத்தை இப்போது எந்த வீடு வைத்திருக்கிறது? வைத்திருக்கும் வீட்டார் ஒரு வரி எழுதிப் போட்டால் போதும். இருவருக்கும் அங்கேயே இடம் சொல்லிவிடுகிறோம்.

அன்புடனும் வணக்கத்துடனும்,
அந்த ஏட்டில், சிபா கிராமத்தின் பக்கத்தில், கடைசியாக எழுதப்பட்ட பெயருக்குரியவன்